ஸ்டார்ட்அப் ஆரம்பிக்க பெங்களூரா, சென்னையா, கோயம்புத்தூரா? அடிக்கடி கேக்கற கேள்விகளும் என் பதில்களும்

நான் சோமனூர் பக்கம். அப்பா தறி ஓட்டுனவர். படிச்சது கோயம்புத்தூர், 4 வருஷம் வேலை பாத்தது சென்னையில ஐடி கம்பெனிங்க வரிசையா இருக்கற ஓஎம்ஆர் ரோடு, சொந்தமா சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பிச்சது பெங்களூரு, இப்போ அதே கம்பெனி ஓடிட்டு இருக்கறது திரும்ப கோயம்புத்தூர்ல. மூணு ஊரு தண்ணியும் குடிச்சாச்சுன்னு தெரிஞ்சதும் காலேஜ் ஜூனியர், சித்தப்பா பையன், கல்யாண வீட்ல பக்கத்து சேர்ல உக்கார்றவர்னு எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேக்கறாங்க. வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் அனுப்பியே தொண்டை போச்சு, அதனால ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன், இனிமே கேக்கறவங்களுக்கு லிங்க் மட்டும்தான்.

கேள்வி: சுத்தி வளைக்காம சொல்லுங்க, பெங்களூரா சென்னையா?

யாருக்கு விக்கப் போறீங்கன்னு முதல்ல சொல்லுங்க, அப்புறம் நான் ஊர் சொல்றேன். போன்ல சோறு ஆர்டர் பண்ற சிட்டி ஜனங்களுக்கு விக்கணும்னா பெங்களூரு. அமெரிக்காவுல இருக்கற சின்ன கம்பெனிக்கு மாசச் சந்தாவுல சாஃப்ட்வேர் விக்கணும்னா சென்னை. மில்லு, பட்டறை, பம்ப் கம்பெனி, பனியன் கம்பெனிக்கு விக்கணும்னா கோயம்புத்தூர், திருப்பூர். "இன்னும் முடிவு பண்ணலைங்க"ன்னு சொன்னீங்கன்னா இப்போ இருக்கற வேலையிலயே இன்னொரு ஆறு மாசம் இருங்க, சம்பளமாவது வரும்.

கேள்வி: பெங்களூரு மட்டும் எப்படி இவ்ளோ தூரம் முன்னாடி போச்சு? கிளைமேட்டா?

கிளைமேட்னா ஊட்டியில இல்லாத கிளைமேட்டா. 1909லயே அங்க ஐஐஎஸ்சிங்கற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம் வந்துடுச்சு, 1940ல விமானம் செய்யற எச்ஏஎல் வந்துச்சு, அப்புறம் வரிசையா பொதுத்துறை கம்பெனிங்க, இஸ்ரோ. ஆக இன்ஜினியரும் விஞ்ஞானியும் கூட்டமா இருந்த ஊரு அது, கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே. இன்ஃபோசிஸ் 1981ல புனேல ஆரம்பிச்சு 1983ல இங்க வந்துச்சு. 1985ல டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்து சாட்டிலைட் லிங்க் போட்டு இங்க பண்ற டிசைன் வேலையை அமெரிக்காவுக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க. அதைப் பாத்துத்தான் மத்த கம்பெனிங்களுக்கும் தைரியம் வந்துச்சு.

ஆனா இப்போ இருக்கற ஸ்டார்ட்அப் கூட்டத்துக்கு வித்து போட்டது ஃப்ளிப்கார்ட்னுதான் நான் சொல்வேன். 2007ல கோரமங்களாவுல ஒரு வீட்ல ஆரம்பிச்சது, 2018ல வால்மார்ட் 1600 கோடி டாலர் குடுத்து 77 சதவீதம் வாங்குனாங்க. அந்தப் பத்து வருஷத்துல உள்ள வேலை பாத்தவங்க பங்கு வித்த காசோட வெளிய வந்தாங்க, கூடவே ஒரு கம்பெனி பூஜ்யத்துல இருந்து எப்படி பெருசாகுதுன்னு கண்ணால பாத்த அனுபவத்தோடயும் வந்தாங்க. ஃபோன்பே ஆரம்பிச்சவங்க அங்க இருந்து வந்தவங்கதான். ஊருல ஒருத்தர் போர் போட்டு தண்ணி வந்துச்சுன்னா பக்கத்துத் தோட்டத்துக்காரரும் போடுவாருல்ல, அதேதான்.

கேள்வி: ஃபண்டிங் வேணும்னா பெங்களூருல இருந்தே ஆகணுமா?

இருக்கணும்னு இல்ல, போயிட்டு வரணும். ஸ்டார்ட்அப்ல பங்கு வாங்கி காசு போடற பெரிய வென்ச்சர் ஃபண்டுங்க ஆபீஸ் எல்லாம் பெங்களூரு, மும்பை, டெல்லி பக்கம்தான். அதுக்காக சென்னையில இருந்தா காசு வராதுன்னு இல்ல, ஃப்ரெஷ்டெஸ்க் 2010ல சென்னையில ஆரம்பிச்ச கம்பெனி, அடுத்த வருஷமே ஆக்செல்ங்கற வென்ச்சர் ஃபண்ட் 10 லட்சம் டாலர் போட்டாங்க. தனி ஆளுங்க சேர்ந்து முதலீடு பண்ற தி சென்னை ஏஞ்சல்ஸ் 2007ல இருந்து இருக்கு.

பெங்களூருல என்ன வசதின்னா, மீட்டிங் சீக்கிரம் கிடைக்கும். "நாளைக்கு காலையில காபி சாப்பிடலாமா"ன்னு மெசேஜ் வரும், பைக்கை எடுத்துட்டு போயிடலாம். எனக்கும் அப்படி ஒண்ணு வந்துச்சு. கோரமங்களாவுல ஒரு காபி கடை, பக்கத்து டேபிள்லயும் ஒரு பையன் லேப்டாப்பை திருப்பி வெச்சு யாருக்கோ கிராஃப் காட்டிட்டு இருந்தான், அதுக்கு அடுத்த டேபிள்லயும் அதே. என் முன்னாடி உக்காந்தவர் ரொம்ப மரியாதையான மனுஷன், குறை சொல்லக்கூடாது. நான் விசைத்தறிக்காரங்களுக்கு கணக்கு ஆப்னு ஆரம்பிச்சேன், பாவு (தறியில நீளவாக்குல ஓடற நூல்) எவ்ளோ குடுத்தாங்க, துணி எவ்ளோ திரும்பி வந்துச்சு, கூலி எவ்ளோ பாக்கின்னு எல்லாம் விளக்குனேன். கேட்டுட்டு, "ஒரு தறிக்காரர் மாசம் எவ்ளோ குடுப்பார்?"னார். 500 ரூபான்னேன். மெதுவா லேப்டாப்பை மூடிட்டு "இதையே இ-காமர்ஸ் செல்லர்ஸுக்கு பண்ண முடியுமா பாருங்களேன்"னார். வெளிய வந்து நானும் ரெண்டு மாசம் அதை உக்காந்து யோசிச்சேன். அந்த ரெண்டு மாசம்தான் நான் பண்ணுன பெரிய தப்பு. பெங்களூருல இருந்தா பக்கத்து டேபிள்ல என்ன ஓடுதோ அதையே நாமளும் பண்ணத் தோணும், அந்தக் காத்து அப்படி. நல்ல ஐடியா சீக்கிரம் வளர்றதும் அதே காத்துலதான், அதையும் சொல்லணும்.

கேள்வி: சென்னையில என்ன பெருசா இருக்கு? அங்க எல்லாம் சர்வீஸ் கம்பெனிதானே?

இதைக் கேட்டா கோவம் வரும் எனக்கு. 1996ல அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்ச கம்பெனி, 2009ல ஜோஹோன்னு பேர் மாத்துனாங்க, இன்னைக்கு வரைக்கும் வெளி முதலீட்டாளர் கிட்ட காசு வாங்காம உலகம் பூரா சாஃப்ட்வேர் விக்கறாங்க. அங்க வேலை பாத்த கிரிஷ் மாத்ருபூதம் வெளிய வந்து ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பிச்சார், அதுதான் ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி 2021 செப்டம்பர்ல அமெரிக்க பங்குச்சந்தை நாஸ்டாக்ல லிஸ்ட் ஆச்சு, 100 கோடி டாலருக்கு மேல திரட்டுனாங்க, ஊழியர்கள்ல 500 பேருக்கு மேல கோடீஸ்வரங்க ஆனாங்க. சார்ஜ்பீ, கிஸ்ஃப்ளோ எல்லாம் சென்னைதான். இந்த மாதிரி சந்தா சாஃப்ட்வேர் கம்பெனியை சாஸ்னு சொல்றாங்க, அந்த ஃபவுண்டர்கள் சேர்ந்து நடத்தற சாஸ்பூமி கூட்டமும் சென்னையில முளைச்சதுதான்.

இது ஏன் சென்னையில நடந்துச்சுன்னு நானா யோசிச்சு வெச்சிருக்கற காரணம் ஒண்ணு இருக்கு, சண்டைக்கு வராதீங்க. அந்த வியாபாரத்துக்கு அமெரிக்காவுல ஆபீஸே வேண்டாம், கஸ்டமர் கூகுள்ல தேடுவான், வெப்சைட்டுக்கு வருவான், நைட்டு ஷிஃப்ட்ல நம்ம ஆளு போன்லயும் சாட்லயும் பேசி வித்துடுவான். அதுக்கு வேண்டியது நல்லா கோட் எழுதற ஆளு, பொறுமையா சப்போர்ட் குடுக்கற ஆளு, ஆறு மாசத்துல வேற கம்பெனிக்கு ஓடாத ஆளு. இந்த மூணும் சென்னையில கிடைச்சுது. பெங்களூரு மாதிரி பேப்பர்ல பேர் வரலைன்னு யாரும் கவலைப்படவும் இல்ல. நான் ஓஎம்ஆர்ல வேலை பாத்த கம்பெனியில ராத்திரி 11 மணிக்கு பேன்ட்ரியில டீ போட வந்த பையன், 10 நிமிஷம் முன்னாடிதான் டெக்ஸாஸ்ல ஒரு பல் டாக்டருக்கு வருஷ சந்தா வித்துட்டு வந்திருப்பான், வீடு குரோம்பேட்டையில இருக்கும்.

அப்புறம் தரமணியில ஐஐடி மெட்ராஸ் ரிசர்ச் பார்க். 2010ல திறந்தாங்க. கம்பெனிங்களும் புரொஃபசர்களும் ஸ்டார்ட்அப் பசங்களும் ஒரே லிஃப்ட்ல போற இடம். ராக்கெட் பண்ற அக்னிகுல் காஸ்மோஸ் 2017ல அங்க இருந்து வந்ததுதான். பல தடவை கடைசி நேரத்துல தள்ளிப்போயி 2024 மே 30ந்தேதி ஸ்ரீஹரிகோட்டாவுல அவங்களோட சொந்த ஏவுதளத்துல இருந்து சோதனை ராக்கெட்டை விட்டாங்க. இன்ஜினை ஒரே பீஸா 3டி பிரின்ட்ல எடுத்திருந்தாங்க. ஏவுதளம் சென்னையில இருந்து சுமார் 100 கிலோமீட்டர், இன்ஜின் பத்தி சந்தேகம்னா கேக்க புரொஃபசர் அதே கேம்பஸ்ல. இந்த மாதிரி கம்பெனிக்கு இந்த அமைப்பு வேற எங்க கிடைக்கும் சொல்லுங்க.

கேள்வி: எலக்ட்ரிக் வண்டி, டிவைஸ் மாதிரி பொருள் செய்யற ஸ்டார்ட்அப்புக்கு எந்த ஊர்?

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பண்ற ஏத்தர் கதையை பாருங்க, அதுலயே பதில் இருக்கு. ஆரம்பிச்ச ரெண்டு பேரும் ஐஐடி மெட்ராஸ் பசங்க, 2013ல அங்கதான் தொடங்குனாங்க. அப்புறம் ஆபீஸ் பெங்களூருக்கு போச்சு, முதல் ஃபேக்டரி வைட்ஃபீல்ட். பெருசா பண்ணணும்னு வந்தப்ப 2021ல ஃபேக்டரி ஓசூருக்கு வந்துச்சு. ஆக, விதை சென்னை, தலை பெங்களூரு, கை கால் ஓசூர்.

ஏன் ஓசூர்? பெங்களூருல இருந்து 40 கிலோமீட்டர், ஆனா தமிழ்நாடு. சிப்காட் தொழிற்பேட்டை ரொம்ப வருஷமா இருக்கு, டிவிஎஸ் அங்க 1980 வாக்குலயே மொபெட் போட ஆரம்பிச்சுட்டாங்க, அதனால ஸ்கூட்டருக்கு வேணும்கற பாதி பார்ட்ஸ் பண்ற வெண்டார் எல்லாம் ரெடியா இருந்தாங்க. ஓலா எலக்ட்ரிக்கும் ஆபீஸ் பெங்களூரு, ஃபேக்டரி கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி. சாஃப்ட்வேர் எழுதறவனும் பேட்டரி டிசைன் பண்றவனும் பெங்களூருல இருக்கணும்னு ஆசைப்படறான், வெல்டிங், பிரஸ், மோல்டிங் எல்லாம் நம்ம பக்கம் இருக்கு. மாநில எல்லைக் கோடு அரசியல்வாதிக்குத்தான் பெருசு, சப்ளை லாரிக்கு அத்திப்பள்ளி டோல் மட்டும்தான் தெரியும்.

சின்ன அளவுல ப்ரோட்டோடைப், அதாவது மாதிரி பீஸ், பண்ணணும்னா கோயம்புத்தூர். கணபதி, பீளமேடு, சிட்கோ பக்கம் ஒரு ரவுண்டு வந்தீங்கன்னா காஸ்டிங், லேத், சிஎன்சி, மோட்டார் வைண்டிங் எல்லாம் ஒரே நாள்ல பேசி முடிச்சுடலாம், டிராயிங் சரியில்லைன்னா பட்டறைக்காரரே பென்சிலை எடுத்து திருத்திக் குடுப்பார். ஒரே பீஸ் வேணும்னாலும் மூஞ்சி சுளிக்காம செஞ்சு குடுக்கற ஆளு இருக்காங்க, தெரிஞ்சவங்க சொல்லி போகணும், அவ்ளோதான்.

கேள்வி: நீங்க ஏன் பெங்களூருல இருந்து திரும்பி வந்தீங்க? ஃபெயிலியரா?

நேரா கேட்டதுக்கு நன்றி, மத்தவங்க சுத்தி கேப்பாங்க. 2018ல போனேன். 2020 மார்ச்ல லாக்டவுன், ரெண்டு வாரத்துக்குன்னு ஒரு பேக் மட்டும் எடுத்துட்டு ஊருக்கு வந்தேன், திரும்ப போகவே இல்ல.

வீட்ல சும்மா உக்காந்திருந்தப்ப, கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்ததும் அப்பாவுக்கு தெரிஞ்ச ஒரு ஜவுளிக்காரர் ஆபீசுக்கு போய் ஆப்பை காமிச்சேன். சின்ன ரூம், செவுத்துல சாமி படம், மேசை மேல நீளமான கணக்கு நோட்டு, ஓரமெல்லாம் எண்ணெய் கறை. அவர் கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு என் போனை வாங்கி ரொம்ப நேரம் பாத்தார். "ஏந்தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்குது. கழிவு எங்க எழுதறது?"ன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. ஜவுளிக்காரர் பாவும் ஊடையும் (குறுக்க ஓடற நூல்) எடை போட்டு தறிக்காரருக்கு குடுத்தா துணியா திரும்பி வர்றப்ப கொஞ்சம் குறையும், எவ்ளோ குறைஞ்சா ஒத்துக்கலாம்கறதுலதான் தறிக்காரருக்கும் ஜவுளிக்காரருக்கும் வருஷம் பூரா சண்டையே. அதை எழுதற கட்டம் என் ஆப்ல இல்ல. தறிக்காரர் பையன் நான், எனக்கே தோணல, ரெண்டு வருஷமா பெங்களூரு எச்எஸ்ஆர் லேஅவுட்ல உக்காந்து ஸ்க்ரீனுக்கு கலர் மாத்திட்டு இருந்திருக்கேன். அந்த நோட்டை போட்டோ எடுத்துட்டு வந்து ஒரு வாரத்துல ஆப்பை மாத்தி எழுதுனேன். அவர்தான் முதல்ல காசு குடுத்த கஸ்டமர், அதுவும் வருஷத்துக்கு மொத்தமா, 500ஐ பேரம் பேசி 400 ஆக்கித்தான்.

ஃபெயிலியரான்னு கேட்டா தெரியல. பெங்களூரு போகாம இருந்திருந்தா ஆப்பை இவ்ளோ நல்லா கட்டத் தெரிஞ்சிருக்காது. பக்கத்து ரூம் பையன் ஒரு பெரிய பேமென்ட் கம்பெனியில டிசைனர், ராத்திரி தோசை சாப்பிட்டுட்டே எனக்கு சொல்லிக் குடுத்ததெல்லாம் காசு குடுத்தாலும் கிடைக்காது.

கேள்வி: கோயம்புத்தூர்ல சாஃப்ட்வேர் கம்பெனி நிலைக்குமா? பசங்க எல்லாம் பெங்களூரு போயிடறாங்களே?

ஃப்ரெஷர் எத்தனை பேர் வேணும்னாலும் கிடைப்பாங்க, சுத்தி அவ்ளோ இன்ஜினியரிங் காலேஜ். பத்து வருஷ அனுபவம் உள்ள ஆளுதான் கஷ்டம். அதுலயும் ஒரு வழி இருக்கு. பெங்களூருல எட்டு வருஷம் இருந்து, குழந்தை பொறந்து, அப்பா அம்மாவுக்கு வயசாகி, ஊருக்கு வரணும்னு துடிக்கறவங்க நிறைய பேர். அவங்களை பிடிங்க. சம்பளம் கொஞ்சம் கம்மின்னாலும் வருவாங்க, வந்தா போக மாட்டாங்க. என்கிட்ட இருக்கற ரெண்டு சீனியரும் அப்படி வந்தவங்கதான், ஒருத்தர் பொள்ளாச்சி, ஒருத்தர் கோபி.

நிலைக்குமான்னா, கோவை டாட் கோங்கற சாஃப்ட்வேர் கம்பெனி இங்க 2011ல இருந்து நிக்குதே. 2025 ஆரம்பத்துல 140 பேருக்கு மேல 14 கோடிக்கும் அதிகமா போனஸ் குடுத்தாங்கன்னு நியூஸ் வந்தப்ப எங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரே மௌனம், நான்தான் தலையை குனிஞ்சுட்டு இருந்தேன். குறைன்னு பாத்தா வெளிநாட்டு ஃப்ளைட் கம்மி, அமெரிக்கா போகணும்னா வேற ஊர் போய்த்தான் ஏறணும். இன்னொண்ணு, உங்க மாதிரியே கம்பெனி நடத்தற ஆளு கூட உக்காந்து புலம்பறதுக்கு ஊர்ல கையளவுதான் இருப்பாங்க. இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க, மாசக் கடைசியில தெரியும்.

கேள்வி: தென்காசி மாதிரி கிராமத்துல ஆரம்பிக்கலாமா? ஜோஹோ பண்ணுனாங்களே?

பண்ணுனாங்க, 2011ல மத்தளம்பாறையில ஆபீஸ் போட்டாங்க, ஜோஹோ ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஸ்ரீதர் வேம்புவே பின்னாடி அங்க வந்து குடியிருக்கார். காலேஜ் போகாத பசங்களையும் எடுத்து அவங்களே பாடம் நடத்தி வேலை குடுக்கறாங்க, பாராட்ட வேண்டிய விஷயம். ஆனா வருஷத்தை கவனிங்க. 1996ல ஆரம்பிச்ச கம்பெனி, 15 வருஷம் கழிச்சு, பொருள் வித்து லாபம் வந்துட்டு இருக்கறப்ப கிராமத்துக்கு போச்சு. நீங்க முதல் நாளே போறேன்னா சம்பளம் எங்க இருந்து வரும்? ஏற்கனவே கஸ்டமர் இருக்கு, ஃப்ரீலான்ஸ் காசு வருது, இன்டர்நெட் நல்லா இருக்குன்னா தாராளமா போங்க. "செலவு கம்மி"ங்கற ஒரே காரணத்துக்காக போகாதீங்க.

கேள்வி: கவர்ன்மென்ட் ஸ்கீம் எந்த ஸ்டேட்ல பெஸ்ட்?

முதல்லயே சொல்லிடறேன், சென்ட்ரல் கவர்ன்மென்டோட ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம், அதுல வர்ற வரிச்சலுகை எல்லாம் எந்த ஊர்ல இருந்தாலும் ஒண்ணுதான். ஸ்டார்ட்அப்புக்கு வர்ற முதலீட்டு மேலயே வரி போடற ஏஞ்சல் டாக்ஸ்னு ஒண்ணு எல்லாரையும் பயமுறுத்திட்டு இருந்துச்சு, அதையும் 2024 பட்ஜெட்ல எடுத்துட்டாங்க. மாறுறது ஸ்டேட் ஸ்கீம் மட்டும்.

கர்நாடகாவுல எலிவேட்னு இருக்கு, செலக்ட் ஆனா 50 லட்சம் வரைக்கும் மானியம், பங்கு கேக்க மாட்டாங்க. போட்டி பயங்கரம். தமிழ்நாட்டுல ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தற டான்சீட் இருக்கு, 10 லட்சம், பெண்கள் நடத்தற கம்பெனி, பசுமை, கிராமப்புறம் சார்ந்ததுன்னா 15 லட்சம், பதிலுக்கு கம்பெனியில சின்ன பங்கு எடுத்துக்குவாங்க. எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோருக்கு தனி ஃபண்ட் இருக்கு, அதுல வர்ற தொகை நிஜமாவே பெருசு, தெரியாம நிறைய பேர் விட்டுடறாங்க. கேரளா ஸ்டார்ட்அப் மிஷன் 2006ல இருந்து இருக்கு, காலேஜ் பசங்களை பிடிக்கறதுல அவங்க கில்லாடி. ஹைதராபாத்ல 2015ல ஸ்டார்ட்அப்புகளுக்கு இடம் குடுத்து வளர்க்கற டி-ஹப் வந்துச்சு, 2022ல இன்னும் பெரிய கட்டடத்துக்கு மாத்துனாங்க, போய் பாத்தா ஏர்போர்ட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும்.

நம்ம ஸ்டேட் இதுல லேட்டா முழிச்சுக்கிச்சு. சென்ட்ரல் கவர்ன்மென்ட் போடற ஸ்டார்ட்அப் ரேங்கிங்ல 2018ல தமிழ்நாடு கீழ்ப்படியில இருந்துச்சு, 2024 ஜனவரியில வந்த ரேங்கிங்ல குஜராத், கர்நாடகா, கேரளா எல்லாம் இருக்கற மேல்படிக்கு வந்துடுச்சு. மதுரை, திருநெல்வேலி, ஈரோடுன்னு வெளியூர்லயும் மையம் திறந்திருக்காங்க.

ஆனா மானியத்தை நம்பி ஆளை வேலைக்கு எடுக்காதீங்க. எனக்கு ஒரு இடத்துல சாங்ஷன் ஆன காசு ரெண்டாவது தவணை வர்றதுக்கு பதினோரு மாசம் ஆச்சு, எந்த இடம்னு சொல்லல, நடுவுல அம்மா நகை பேங்க்ல போயிட்டு வந்துச்சு. வந்தா லாபம், அந்த மனநிலையில அப்ளை பண்ணுங்க.

கேள்வி: கம்பெனியை எந்த ஊர்ல ரிஜிஸ்டர் பண்றது? பின்னாடி மாத்திக்கலாமா?

ரிஜிஸ்டர் பண்றது எல்லாமே ஆன்லைன்ல, எந்த ஊர்னாலும் அதே ஃபார்ம். பதிவு ஆபீஸ் முகவரி எங்கயோ அந்த ஊர் கம்பெனி பதிவாளர் கீழ வருவீங்க. தமிழ்நாட்டுக்கு ரெண்டு பதிவாளர் இருக்காங்க, கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கம்னா கோயம்புத்தூர் ஆபீஸ், மத்தது சென்னை. மாத்தறதுதான் தலைவலி. வேற ஸ்டேட்டுக்கு மாத்தணும்னா சிறப்புத் தீர்மானம், பேப்பர்ல விளம்பரம், ரீஜனல் டைரக்டர் அனுமதின்னு இழுக்கும். ஒரே ஸ்டேட்டுக்குள்ள சென்னை பதிவாளர்ல இருந்து கோயம்புத்தூருக்கு மாத்தறதுக்கும் ரீஜனல் டைரக்டர் கிட்ட போகணும், இது பல பேருக்கு தெரியாது. நான் இன்னும் கர்நாடகா முகவரியை மாத்தல, ஆடிட்டர் பாக்கறப்பெல்லாம் திட்டறார். ஜிஎஸ்டியும் ஸ்டேட்டுக்கு ஒண்ணு தனித்தனியா எடுக்கணும்.

சொல்ல வர்றது, உங்க அம்மா அப்பா வீட்டு முகவரியில பதிவு பண்ணிட்டு வேலையை எங்க வேணும்னாலும் பாருங்க.

கேள்வி: அமெரிக்காவுல டெலாவேர், இல்லைன்னா சிங்கப்பூர்னு சொல்றாங்களே, கம்பெனியை அங்க பதிவு போடலாமா?

அமெரிக்க முதலீட்டாளர் "அங்க இருந்தாதான் போடுவேன்"னு கையெழுத்து போடற நிலைமையில சொன்னா யோசிங்க. அதுக்கு முன்னாடி வேண்டாம். சிங்கப்பூர்ல கம்பெனி வரி 17 சதவீதம், பதிவும் சீக்கிரம் முடியும், ஆனா அந்த ஊர்ல வசிக்கற டைரக்டர் ஒருத்தராவது வேணும், அங்க ஒரு கணக்கு, இங்க ஒரு கணக்குன்னு ரெண்டு ஆடிட்டர். திரும்பி வர்றது இன்னும் காஸ்ட்லி. ஃபோன்பே சிங்கப்பூர்ல இருந்து இந்தியாவுக்கு பதிவை மாத்துனப்ப அவங்க முதலீட்டாளர்கள் கிட்டத்தட்ட 8,000 கோடி ரூபா வரி கட்டுனாங்க. நமக்கு 8,000 ரூபா கட்டறதுக்கே மூச்சு வாங்குது.

கேள்வி: வாடகை, செலவெல்லாம் எவ்ளோ வித்தியாசம்?

நம்பர் சொன்னா அடுத்த வருஷம் பொய்யாயிடும், அதனால அட்வான்ஸ் பத்தி மட்டும் சொல்றேன். பெங்களூருல பத்து மாச அட்வான்ஸ் கேப்பாங்க. சென்னை மட்டும் என்ன ஒழுங்கு, அங்கயும் கேட்டுட்டுதான் இருந்தாங்க, தமிழ்நாட்டுல புது வாடகைச் சட்டம் வந்து, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கலைன்னா மூணு மாசத்துக்கு மேல வாங்கக்கூடாதுன்னு இருக்கு, சண்டை போட ஒரு பிடியாவது கிடைச்சுது. எனக்கு எச்எஸ்ஆர்ல 1,80,000 அட்வான்ஸ், லாக்டவுன்ல இருந்தே போன்ல காலி பண்ணுனப்ப ஓனர் பெயின்ட்டுன்னு 40,000, நோட்டீஸ்னு ஒரு மாச வாடகைன்னு பிடிச்சுட்டு மிச்சத்தை நாலு தவணையா குடுத்தார். அந்தக் காசுக்கு சோமனூர்ல நாலு ரூமுக்கு பெயின்ட் அடிச்சுட்டு எனக்கும் ஒரு கோட் அடிச்சிருப்பாங்க.

கேள்வி: இப்போ இருக்கற கம்பெனியை விட்டு வந்து அதே லைன்ல ஆரம்பிச்சா கேஸ் போடுவாங்களா? "போட்டி கம்பெனி ஆரம்பிக்க மாட்டேன்"னு கையெழுத்து போட்டிருக்கேன்.

வக்கீல் கிட்ட காமிச்சுக்கோங்க, நான் வக்கீல் இல்ல. ஆனா பொதுவா, 1872ல வந்த இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27ன்படி ஒருத்தர் தொழில் பண்றதை தடுக்கற ஒப்பந்தம் செல்லாது, வேலையை விட்ட பிறகும் போட்டியா வரக்கூடாதுங்கற ஷரத்தை கோர்ட்டு பெரும்பாலும் ஏத்துக்கறதில்ல. வேடிக்கை என்னன்னா கலிஃபோர்னியாவுலயும் இதே மாதிரி விதி 1872ல வந்த சிவில் சட்டத்துல இருந்தே இருக்கு. சிலிக்கான் வேலியில ஒரு கம்பெனியை விட்டு எதிர் கம்பெனி ஆரம்பிக்கறது சகஜமானதுக்கு அதுவும் ஒரு காரணம்னு சொல்றாங்க. ஆக சட்டத்துல நாம பின்தங்கல. ஆனா பழைய கம்பெனி கோட், கஸ்டமர் லிஸ்ட் ஒரு ஃபைல் கூட பென் டிரைவ்ல எடுத்துட்டு வந்துடாதீங்க, அதுல கண்டிப்பா மாட்டுவீங்க.

கேள்வி: பெங்களூருல கன்னடம் தெரியாம சமாளிக்கலாமா? மழை, டிராஃபிக்?

அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழ்லயே பொழுது போயிடும். ஆனா அந்த ஊர்ல சம்பாதிக்கறோம், கன்னடம் கத்துக்கறதுதான் மரியாதை, மூணு மாசம் போதும். டிராஃபிக் கேக்கவே வேண்டாம், ஆபீஸ் பக்கத்துலயே வீடு எடுங்க. மழைன்னா யாரும் யோக்கியம் இல்ல, 2022 செப்டம்பர்ல அவுட்டர் ரிங் ரோட்டுல ஐடி ஆளுங்க டிராக்டர்ல ஆபீஸ் போனாங்க, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல சென்னையில கரன்ட்டும் இல்ல சிக்னலும் இல்ல. சர்வரை கிளவுட்ல வைங்க, யுபிஎஸ்ஸை தரையில வெக்காதீங்க.

கேள்வி: வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க. "கம்பெனி பேர் என்ன"ன்னு பொண்ணு வீட்ல கேக்கறாங்க.

இதுலயும் ஊருக்கு ஊர் மாறும். பெங்களூருல ஃபவுண்டர்னு சொன்னா வீட்டு ஓனர் கூட மரியாதை குடுப்பார். சென்னையில "முன்னாடி எங்க இருந்தீங்க?"ன்னு கேப்பாங்க. கோயம்புத்தூர்ல சொந்தத் தொழில்னா மதிப்புதான், ஆனா "மெசின் எத்தனை ஓடுது"ன்னு கேப்பாங்க, லேப்டாப்பை காமிச்சா சங்கடம். என் மாமனார் நிச்சயத்துக்கு முன்னாடி என் முதல் கஸ்டமருக்கு போன் பண்ணி விசாரிச்சார்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அவர் என்ன சொன்னாருன்னு இன்னும் தெரியல, கல்யாணம் நடந்துச்சு.

கேள்வி: ரெண்டு ஊர்லயும் கால் வெச்சு ஓட்ட முடியாதா?

முடியும், நான் அப்படித்தான் இப்போ ஓட்டறேன். 2023 டிசம்பர் கடைசியில கோயம்புத்தூர் பெங்களூரு வந்தே பாரத் விட்டாங்க, மாசத்துக்கு ஒரு தடவை காலையில ஏறிடுவேன். சென்னைக்காரங்களுக்கு 2022 நவம்பர்ல இருந்தே மைசூரு வரைக்கும் போற வந்தே பாரத் இருக்கு. போற வழியில ஸ்லைடை சரி பண்ணிக்கலாம், சேலம் தாண்டுனா நெட்வொர்க் விட்டு விட்டுத்தான் வரும். ரெண்டு நாள் தங்கி, பழைய ரூம்மேட் வீட்ல படுத்துட்டு, நாலு பேரை பாத்துட்டு, புது ஆளு ரெண்டு பேரை இன்டர்வியூ பண்ணிட்டு திரும்பிடுவேன். போன தடவை அதே காபி கடையில அதே மனுஷனை பாத்தேன், அவரே வந்து பேசுனார், "இப்போ எத்தனை தறி?"ன்னு கேட்டார். சொன்னேன். "கழிவு" கட்டம் கதையையும் சொன்னேன், சிரிச்சார். காசு போடறேன்னு சொல்லல, நானும் கேக்கல, காபிக்கு மட்டும் அவர்தான் குடுத்தார்.